பீலிக்கரையும் ஒரு நீரூற்றும்

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். பதுளையில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். இஷாத் தொழுகை முடிந்து வந்து பார்க்கிறேன், பேரன் கணினிக்கு முன்னால் குனிந்தபடி அழுதுகொண்டிருக்கிறான். வயது பதினான்கு. மீசை அரும்பத் தொடங்கிய பிள்ளை அப்படி அழுவதைக் கண்டதும் எனக்குப் பதற்றமாகிவிட்டது.

“என்ன மகன், உம்மா ஏசினாவா?”

“இல்ல அப்பா. என்ட கூட்டாளி ஒருத்தன் மவுத்தாப் போயிட்டான்.”

எந்தப் பாடசாலைப் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தேன். பாடசாலைப் பிள்ளை அல்ல. இந்தோனேசியாவில் சுரபாயாவைச் சேர்ந்த பையன். இரண்டு வருடங்களாக இருவரும் ‘மைன்கிராஃப்ட்’ என்ற விளையாட்டுக்குள் ஒன்றாக ஊர் கட்டிக்கொண்டிருந்தார்களாம். மூன்று மாதங்களாக அவன் வரவில்லை. அன்றிரவு அவனுடைய அக்கா அவன் பெயரிலேயே உள்ளே வந்து, தம்பி காலமாகிவிட்டான் என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

“ஆள நேர்ல கண்டிருக்கியா?”

“இல்ல அப்பா. மொகத்தக் கூடப் பாத்ததில்ல. சத்தம் மட்டுந்தான் தெரியும்.”

“மொகம் தெரியாதவனுக்கு என்னத்துக்கு மகன் இவ்வளவு அழுக? எழும்பிப் போய்ப் படு.”

சொல்லி முடித்த மறுகணமே அது சரியான பேச்சல்ல என்று பட்டது. ஆனால் வாய்விட்ட சொல். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: “அவனுக்காக ஜனாஸாத் தொழ ஏலுமா அப்பா?”

நான் விடை சொல்லவில்லை. திரையைப் பார்த்தேன். சதுரச் சதுரக் கற்களால் ஒரு மலை. அதன் அடிவாரத்தில் ஒரு கடைத்தெரு, சின்னதாக ஒரு பள்ளிவாசல், மேலே வரிசையாக லயங்கள். நான் சொல்லச் சொல்ல அவன் கட்டிய என் பிறந்த ஊர் அது. நமுனுகுல. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பீலியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. “அந்தத் தண்ணிய மலையிலருந்து வெட்டிக் கொணந்தது அவன்தான்” என்றான் பேரன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முகம் தெரியாதவர்களுக்காக நாங்கள் அழுததில்லையா? இல்லாமற்போன ஓர் ஊரை மனத்தில் கட்டி வைத்துக்கொண்டு அதற்குள் வாழ்ந்ததில்லையா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளின் பின்னால் நான் போன வழியைப் பற்றியது.

*

கணினிக்குள் பலர் கூடி வாழும் உலகங்களுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய ‘மட்’ என்பதை முதன்மையானவற்றில் ஒன்றாகச் சொல்வார்கள். அதில் படமில்லை. எல்லாம் எழுத்துத்தான். ‘நீ ஒரு பாதையில் நிற்கிறாய்’ என்ற மாதிரி வசனங்களை வாசித்துக்கொண்டே மனத்தால் நடக்க வேண்டும். கதை கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. பின்னர் படங்கள் வந்தன. 2003இல் ‘செகண்ட் லைஃப்’, 2004இல் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்று இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடமாடும் உலகங்கள் உருவாகின.

மனிதர் கூடும் இடத்தில் மரணமும் வரும். 2006இல் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ விளையாடிய ஒருவர் நிஜ வாழ்வில் இறந்துபோக, அவருடைய கூட்டாளிகள் விளையாட்டுக்குள்ளேயே பனி படர்ந்த ஓரிடத்தில் இறுதி மரியாதைக்காகக் கூடினார்கள். எதிரணி ஒன்று அந்த வேளை பார்த்து வந்து, ஆயுதமில்லாமல் வரிசையில் நின்றவர்களை வெட்டிச் சாய்த்தது. அதைப் படம் பிடித்து இணையத்திலும் போட்டது. விளையாட்டின் விதிப்படி அது குற்றமல்ல என்றார்கள் வெட்டியவர்கள். மையத்து வீட்டுக்கு என்று ஒரு மரியாதை உண்டு, அது எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்க வேண்டியதில்லை என்றார்கள் மற்றவர்கள். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

இன்னொரு கதை நோர்வேயில் நடந்தது. மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியிலிருந்தபடி பல்லாயிரம் மணி நேரம் அதே விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் உலவினார். 2014 நவம்பரில், தமது 25ஆவது வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் கலங்கினார்கள். அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தின் கடவுச்சொல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதில் மரணச் செய்தியைப் போட்டார்கள். அதன் பிறகுதான் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அவன் எங்களைத் தேற்றினான், எங்கள் குடும்பச் சண்டையைத் தீர்த்து வைத்தான் என்று முன்பின் அறியாதவர்கள் எழுதினார்கள். சிலர் ஜனாஸாவுக்கே வந்து நின்றார்கள். 2024இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் வெளிவந்தது.

எனக்கு இவற்றிலெல்லாம் நெருக்கமாகப் பட்டது ‘உரு’ என்ற விளையாட்டின் கதை. தமிழில் ‘உரு’ என்றாலே வடிவம். பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. அமெரிக்காவின் சயான் நிறுவனம் 2003இல் வெளியிட்டது. 2004 பெப்ரவரியில், வருமானம் போதாதென்று அதன் இணைய உலகம் மூடப்பட்டது. சில மாதங்களே அதில் வாழ்ந்திருந்தவர்கள், கடைசி இரவில் ஒன்றுகூடி நின்று விளக்கு அணைவதைப் பார்த்திருந்தார்கள். பிறகு அவர்கள் தங்களை ‘அகதிகள்’ என்று அழைத்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாக வேறு இணைய உலகங்களுக்குப் போனார்கள். போன இடங்களில் சொந்தக் கையால் பழைய உலகத்தின் துண்டுகளைக் கட்டினார்கள். இவர்களோடு பழகி ஆராய்ந்த சீலியா பியர்ஸ் 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் திரும்பத் திரும்பக் கட்டியவற்றில் ஒன்று, பழைய உலகில் எல்லோரும் கூடிப் பேசும் நீரூற்று.

இதை வாசித்தபோது எனக்குப் பீலிக்கரை ஞாபகம் வந்தது.

*

நமுனுகுல என்ற சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரம் என்று பொருள். இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை. அதன் பெயரையே தாங்கிய சிறு கடைத்தெரு, பசறைக்கும் எல்லவுக்கும் இடைப்பட்ட மலைப்பாதையில் இருக்கிறது. சுற்றிலும் கனவரல்ல, பிங்கராவ என்று தேயிலைத் தோட்டங்கள். என் பாட்டனார் தமிழ்நாட்டின் கரையோரத்திலிருந்து துணி மூட்டையோடு வந்தவர். வாப்பா அதைச் சில்லறைக் கடையாக்கினார். சம்பள நாளில் தோட்டத்துச் சனம் கடைத்தெருவுக்கு இறங்கும். கடன் கொப்பியில் பெயர் வெட்டப்படும். அடுத்த நாளே மறுபடி எழுதப்படும்.

கடைக்கு மேலே இருந்த லயத்தில்தான் என் கூட்டாளி இருந்தான். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அளவிலான காம்பரா. அதற்குள் ஏழு பேர். அவனும் நானும் பீலிக்கரையில்தான் பழகினோம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கைகால் கழுவுவார்கள். சண்டை, சமாதானம், கல்யாணப் பேச்சு, தொழிற்சங்கச் செய்தி எல்லாம் அங்கேதான். தண்ணீருக்காகக் கூடிய இடம், ஊராகவே ஆகிவிட்ட இடம் அது.

அந்த மக்களுக்கு அந்த ஊர் சொந்தமில்லை என்று சட்டம் சொன்னது. 1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். தோட்ட மக்கள் வாக்களித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த வருடம், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நேற்றுவரை உள்ளே இருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். என் பேரனின் மொழியில் சொன்னால், கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள். எங்கள் பாட்டனாரைப் போன்ற இந்தியச் சோனகர்களும் அதே சட்டத்தின் முன்னால்தான் காகிதங்களோடு அலைந்தார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. அந்த மீதியை 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்கள் எந்த மேசையிலும் இருக்கவில்லை.

1973, 74 தோட்டங்களில் பஞ்ச காலம். ரொட்டி சுட மா இல்லை. பட்டினியால் செத்தவர்கள் உண்டு. போகத் தயங்கியிருந்தவர்களையும் பசி பிடித்துத் தள்ளியது. 1974இல் என் கூட்டாளியின் குடும்பத்துக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. விண்ணப்பத்தில் பெருவிரல் வைத்த தாத்தா அதற்குள் இறந்து, தேயிலைத் தூருக்குக் கீழே அடங்கியிருந்தார். பதுளை ரயில் நிலையத்துக்கு வாப்பாவோடு நானும் போனேன். 1924இல் பதுளைக்கு வந்த ரயில் பாதை, தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. அந்தப் பாதையில்தான் அதைப் பறித்தவர்களும் போனார்கள். இங்கிருந்து பொல்காவலை, அங்கிருந்து மதவாச்சி வழியாகத் தலைமன்னார், பின் ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம்.

அந்த ரயிலை மலையகமெங்கும் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சொன்னார்கள். உயிரோடு இருப்பவர்களைக் கட்டிப்பிடித்துப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். போகிறவர் செத்துப் போகவில்லை. ஆனால் இனி முகம் காண்பதற்கில்லை. அப்படிப்பட்ட பிரிவுக்கு எங்களிடம் வேறு சடங்கு இருக்கவில்லை. மரணத்தின் சடங்கையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். கோச்சி நகர்ந்தபோது என் கூட்டாளி அழவில்லை. “பீலியப் பாத்துக்கடா” என்று மட்டும் கத்தினான். ஏன் பீலி என்று அப்போது விளங்கவில்லை.

*

அதே 1974இன் டிசம்பர் 4ஆம் திகதி இரவு. சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போய்க்கொண்டிருந்த ‘மார்ட்டின் எயார்’ நிறுவனத்தின் டச்சு விமானம் கொழும்பில் இறங்க வந்து, மஸ்கெலியாப் பகுதியில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. இந்தோனேசிய ஹாஜிகள் 182 பேர், பணியாளர் ஒன்பது பேர், எல்லாமாக 191 உயிர்கள். அந்நாளில் அதைவிடப் பெரிய விமான விபத்து இந்நாட்டில் நடந்ததில்லை. மழையிலும் இருளிலும் மலையேறிப் போனவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

எங்களுக்குச் செய்தி வானொலியில் வந்தது. இந்த இடத்தில் வானொலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் தலைமுறையின் இணைய உலகம். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் என்று முகம் தெரியாத குரல்கள் எங்கள் வீட்டு மனிதர்களாக இருந்தன. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அதைக் கேட்டார்கள். ஊர் விட்டுப்போன தோட்டத்துச் சனம் நீலகிரியில் இருந்துகொண்டு அந்த அலைவரிசையைத் தேடியது, பாட்டுக்காக மட்டுமல்ல. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். யாரென்றே தெரியாத ஒருவரின் பெயர், ஊர், உறவு முறை. முடிந்ததும் ‘இன்னாலில்லாஹி’ சொல்லிவிட்டுத்தான் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடிப்பார்.

விமானம் விழுந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் பள்ளியில் காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. நான் நான்காவது வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மையத்து இல்லை. அந்த மனிதர்களின் பெயர் தெரியாது, மொழி தெரியாது. எனக்குப் பக்கத்தில் நின்ற வாப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். வெளியே வந்தபோது, கடைத்தெருவில் தோட்டத்து மனிதர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

சுரபாயா என்ற சொல்லை என் பேரன் சொன்னபோது நான் ஏன் நிலைகுலைந்தேன் என்பது வாசகருக்கு இப்போது விளங்கும். ஐம்பது வருடங்களுக்கு முன் சுரபாயாக்காரர்களுக்காக முகம் தெரியாமல் அழுத ஊர் அது. அதே ஊரின் பிள்ளையைப் பார்த்து, முகம் தெரியாதவனுக்கு என்ன அழுகை என்று கேட்டிருந்தேன்.

*

வெளியேற்றம் எங்களைத் தேடியும் வந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம் கொடுக்கப்பட்டது. சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே திகதி என்பது தற்செயல்தான். ஆனால் சில தற்செயல்கள் மனத்தை விட்டு அகலுவதில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் சோனகத்தெருவையே மனத்தால் கட்டி வைத்துக்கொண்டு, ‘ஒஸ்மானியா கல்லூரிக்குப் பின் ஒழுங்கை, மூன்றாவது வீடு’ என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் போகாத ஊரில் வழி தெரிந்தவர்களாக வளர்ந்தார்கள்.

நாடு கடந்த தோட்டத்து மக்களும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்காக 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ கழகமாயிற்று. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய், மறுபடியும் தேயிலை, மறுபடியும் வரிசை வீடு. இங்கே ‘இந்தியாக்காரன்’ என்றார்கள். அங்கே ‘சிலோன்காரன்’ என்றார்கள். இரண்டு உலகிலும் விருந்தாளிக் கணக்கு. ‘உரு’ அகதிகள் நீரூற்றைக் கட்டியது போல, இவர்கள் பழைய ஊரின் பழக்க வழக்கத்தை, பேச்சை, கோயில் திருவிழாவைப் புதிய மலையில் கட்டினார்கள்.

இந்த ஒப்பீடு எங்கே உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘உரு’ மூடப்பட்டதால் யாருடைய அடுப்பும் அணையவில்லை. அவர்களுடைய தாத்தாவின் எலும்பு எங்கும் தங்கிவிடவில்லை. 2010இல் அந்த உலகம் இலவசமாகவே மறுபடி திறக்கப்பட்டது. எங்கள் கோச்சி திரும்பி வரவில்லை. அது போய்ச் சேர்ந்த கப்பலே 1984இல் நின்றுபோனது. ஆகவே இரண்டு துயரையும் ஒரே தராசில் வைக்க நான் துணியவில்லை.

ஆனால் ஒன்று பொதுவாக இருக்கிறது. அந்த உலகங்களில் வாழ்கிறவர்களுக்கு நிலம் சொந்தமில்லை. கட்டியது அவர்களின் கை, உரிமை நிறுவனத்துக்கு. லயத்தின் கதையும் அதுவே. ஐந்து தலைமுறை வாழ்ந்தாலும் காம்பரா தோட்டத்துக்குத்தான் சொந்தம். உறுதிப்பத்திரம் இல்லாமலே ஓர் இடத்துக்கு உரியவராக முடியுமா? முடியும் என்பதற்கு மலையக மக்களே சாட்சி. உறுதிப்பத்திரம் இல்லாதவரை யாரும் எழுப்பிவிடலாம் என்பதற்கும் அவர்களே சாட்சி. மண்ணும்கூட எழுப்பிவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின.

*

2018இல் எனக்குக் கூடலூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என் கூட்டாளியின் மகன். எப்படியோ விசாரித்து என் இலக்கத்தைப் பிடித்திருந்தான். 2005இல் ‘கூகுள் ஏர்த்’ வந்த காலத்திலிருந்து தகப்பனும் மகனும் கணினிக் கடையொன்றில் காசு கொடுத்து அமர்ந்து, வானத்திலிருந்து நமுனுகுலவைத் தேடியிருக்கிறார்கள். மலை தெரிந்தது, றோட்டு தெரிந்தது, லயத்துக் கூரை தெரிந்தது. பீலி தெரியவில்லை. “அப்பா ஸ்கிரீன்ல கைய வச்சி, இந்த எடம், இந்த எடம்னு சொல்லுவாரு ஐயா” என்றான்.

“அப்பாகிட்ட போனைக் குடு தம்பி” என்றேன்.

“அவரு இறந்து ஒம்பது வருசமாச்சிங்க ஐயா.”

நான் ஒன்பது வருடம் பிந்தி அழுதேன். 1974க்குப் பிறகு அவன் முகத்தை நான் கண்டதில்லை. நாற்பத்தைந்து வயதில், ஐம்பது வயதில் அவன் எப்படி இருந்தான் என்று தெரியாது. என் மனத்தில் இருந்தவன் பதினான்கு வயதுப் பையன். அப்படியானால் நான் யாருக்காக அழுதேன்? முகம் தெரியாதவனுக்காகத்தானே?

அந்த வாரமே நமுனுகுல போனேன். மகன் ‘வாட்ஸ்அப்’பில் படத்தோடு பேசினான். நான் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். பழைய லயம் இல்லை. அத்திவாரக் கல் இருந்தது. பீலி இருந்த இடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கொய்யா மரமொன்றைக் கண்டதும், “அந்த மரந்தான் ஐயா! அப்பா விழுந்து கைய ஒடிச்சிக்கிட்ட மரம்” என்று அவன் கத்தினான். பிறந்ததிலிருந்து கடல் தாண்டாதவன். அந்த மரத்தை என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

*

திரைக்குள் நடப்பது எல்லாம் நிஜத்துக்கு ஈடு என்று நான் சொல்ல வரவில்லை. 2007இல் ‘இஸ்லாம் ஒன்லைன்’ நிறுவனம் ‘செகண்ட் லைஃப்’ உலகில் மக்காவை அமைத்து, ஹஜ்ஜின் கிரியைகளை நடந்து பார்க்க வசதி செய்தது. பயிற்சிக்கு நல்லது. அதனால் யாரும் ஹாஜியாகிவிடவில்லை. அதை அமைத்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. உடலோடு செய்ய வேண்டிய கடமைகள் உடலோடுதான்.

உடல் எவ்வளவு முக்கியம் என்பதைக் கொரோனாக் காலத்தில் இந்நாட்டு முஸ்லிம்கள் அறிந்தார்கள். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. பிறந்து இருபதே நாளான சிசுவும் எரிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் பொரளை மயானத்து வேலியில் மக்கள் கபன் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். 2021 மார்ச்சிலிருந்து ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. எல்லாச் சமூகத்தவருமாக 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். என் சாச்சியின் மகனும் அவர்களில் ஒருவர். நாங்கள் பதுளையில் இருந்தோம். கூடப்போன ஒருவர் தூரத்திலிருந்து கைத்தொலைபேசியில் காட்டிய படம்தான் எங்களுக்குக் கிடைத்த ஜனாஸா. உள்ளங்கை அளவு திரையைச் சுற்றிப் பதினொரு பேர் நின்று கையேந்தினோம். அது போதுமானதாக இருக்கவில்லை. ஆனால் அதுவும் இல்லாமலிருந்தால் எங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஹிஜ்ரி ஒன்பதாம் ஆண்டில், கி.பி. 630இல், அபிசீனியாவின் மன்னர் நஜ்ஜாஷி மரணித்தார். மக்காவில் துன்புறுத்தப்பட்டு அகதிகளாய்ப் போன முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தவர் அவர். நபி (ஸல்) அவர்கள் அவரை நேரில் கண்டதில்லை. இருந்தும் மதீனாவில் தோழர்களை வரிசைப்படுத்தி நிறுத்தி, நான்கு தக்பீர்களுடன் தொழுவித்தார்கள். ஷாபி, ஹன்பலி மத்ஹபினர் இதை ஆதாரமாகக் கொண்டு காயிப் ஜனாஸாவை அனுமதிக்கிறார்கள். ஹனபி, மாலிக்கி மத்ஹபினருக்கு உடன்பாடில்லை. சட்ட நுணுக்கத்தை ஆலிம்களுக்கு விட்டுவிடுகிறேன். என் மனத்தில் தங்கியது வேறு. கடலுக்கு அப்பால், முகம் காணாத ஒருவருக்காக, அவர் தந்த இடத்துக்காக, வரிசை கட்டி நின்ற சமூகம் நம்முடையது.

சுரபாயாப் பையன் என் பேரனுக்கு என்ன தந்தான்? ஒரு பீலிக்குத் தண்ணீர் தந்தான். அவன் ஒருநாளும் காணாத மலைக்கு, என் கூட்டாளி கடைசியாகக் கேட்ட பீலிக்கு.

ஒரு வாரம் கழித்துப் பேரனைக் கூப்பிட்டு, “மகன், நான் அண்டைக்குச் சொன்னது பிழை” என்றேன். அவனுடைய கூட்டாளியின் பெயரைக் கேட்டேன். விளையாட்டுப் பெயர்தான் முதலில் சொன்னான். பிறகு, அக்கா எழுதியதில் தேடி, உண்மைப் பெயரைச் சொன்னான். மஃரிபுக்குப் பின் வீட்டு முன்னறையில் நானும் அவனும் நின்று தொழுதோம்.

தொழுது முடிந்ததும் அவன் என்னை அழைத்துப் போய்த் திரையைக் காட்டினான். பீலிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலகை நட்டிருந்தான். அதில் அந்தப் பையனின் பெயர். “இன்னொரு பேர் எழுத எடமிருக்கா?” என்று கேட்டேன். இருக்கிறது என்றான். 1974இல் போனவனின் பெயரைச் சொன்னேன். எழுதினான்.

“அப்பா, இந்த சேர்வர மூடினா இதெல்லாம் போயிடும்” என்றான் பிறகு.

“தெரியும் மகன்” என்றேன். “அதுக்குத்தான் இதக் கடதாசியில எழுதப் போறன்.”